சவலைப் பிள்ளையின் பங்கு

1929இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு வேலைக்கு வந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸுக்கு ஒரு நோய் பிடிபடவே இல்லை. அந்த நாடுதான் இன்றைய கானா. தலைநகர் அக்ராவின் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். எல்லாம் ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இருந்த பிள்ளைகள். கை கால் வீங்கியிருந்தது, தோல் உரிந்திருந்தது, தலைமுடி செம்பட்டை பாய்ந்திருந்தது. வீக்கத்தைப் பார்ப்பவர் கொழுகொழு பிள்ளை என்றே நினைப்பார். தொட்டால் சிணுங்கும், விட்டால் சுருண்டுகொள்ளும், எதிலும் நாட்டம் இருக்காது. வந்த பிள்ளைகளில் பலர் திரும்பிப் போகவில்லை.

டாக்டர் படித்த புத்தகங்கள் கைகொடுக்கவில்லை. ஊர்ப் பெண்களிடம் அந்த நோய்க்குப் பெயர் இருந்தது. அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்கள் தங்கள் மொழியில் அதைக் குவாஷியோர்க்கர் என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளையின் நோய் அது. பெரிதும் மக்காச்சோளத்தையே தின்று வளரும் பிள்ளைகளுக்கு வரும் ஊட்டக்குறை நோய் என்று 1933இல் வில்லியம்ஸ் எழுதினார். 1935இல் லான்செட் இதழில் வந்த கட்டுரைக்கு அந்தக் கா மொழிச் சொல்லையே தலைப்பாக வைத்தார். உலக மருத்துவத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழுக்கு அந்தப் பிள்ளை புதிதல்ல. சவலைப் பிள்ளை என்று தமிழ் அதைச் சொல்லும். சவலை என்பது வெறும் மெலிவு இல்லை. தாய் மறுபடி உண்டாகி, பால் நின்றோ நிறுத்தப்பட்டோ போய், ஏக்கம் பிடித்து இளைத்த பிள்ளைதான் சவலை. யாப்பிலக்கணக்காரர்களுக்கும் அந்தப் பிள்ளை தெரிந்திருக்கிறது. நான்கடி வெண்பாவில் இரண்டாம் அடி தனிச்சொல் இல்லாமல் மூன்று சீரோடு குறைந்து நின்றால் அதற்குச் சவலை வெண்பா என்று பெயர். மூதுரையில் காய்ச்சிய பாலைப் பற்றிப் பேசும் பாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்து, நடுவில் மட்டும் ஊட்டம் குறைந்த பாட்டுக்கு வைக்கப் பொருத்தமான பெயரைப் புலவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே எடுத்துவந்தார்கள்.

ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே பிள்ளையைக் கண்டு, ஒரே காரணத்தைப் பெயருக்குள் வைத்திருக்கின்றன. மருத்துவக் கட்டுரை வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊருக்குக் காரணம் தெரியும். அதற்குமேல் எழும் கேள்வி மருத்துவத்தைச் சேர்ந்தது அன்று. காரணம் தெரிந்த ஊர், பிள்ளையை ஏன் அப்படியே விட்டது? பேசத் தெரியாத, கேட்கத் தெரியாத அந்த உயிரின் பசிக்கு யார் பொறுப்பு?

சமயங்கள் இதற்குப் பல விடைகள் சொல்லியிருக்கின்றன. எல்லாமே நல்ல விடைகள் அல்ல.

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் 354இல் பிறந்த அகஸ்டின், கிறிஸ்தவ இறையியலின் தூண்களில் ஒருவர். தம் வாழ்க்கையைக் கடவுளிடம் சொல்வதாக அவர் எழுதிய கன்ஃபெஷன்ஸ் நூலின் முதல் பகுதியில் ஒரு கைக்குழந்தை வருகிறது. அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை அது முகம் வெளிறிப்போய், கசந்த பார்வையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அகஸ்டின் அதைத் தம் கண்ணால் பார்த்ததாகவே எழுதுகிறார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு கடுமையானது. குழந்தை மாசற்றதாகத் தெரிவதற்கு அதன் கைகால்களில் வலு இல்லாததே காரணம். உள்ளத்தில் பொறாமை அப்போதே குடியேறிவிட்டது என்றார். மனிதன் பாவத்தோடு பிறக்கிறான் என்ற அவருடைய கொள்கைக்கு அந்தக் குழந்தை ஒரு சாட்சி ஆனது.

அதே வெளிறிய முகத்தைத்தான் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கண்டத்தின் இன்னொரு கரையில் வில்லியம்ஸ் பார்த்தார். சிணுக்கத்தை அவர் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளவில்லை. நோய்க்குறிகளின் பட்டியலில் வீக்கத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதினார். பிள்ளையின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அகஸ்டின் பார்த்த குழந்தை பசித்திருந்ததா, வயிறு நிறைந்திருந்ததா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாவத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் பாலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். சிந்தனையாளர்களில் மிக நுட்பமானவர்களில் ஒருவர் அந்த இடத்தில் அவசரப்பட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இந்த விடை வேறு உடை போட்டுக்கொண்டு வரும். "நல்லாத்தான இருந்தான், தம்பி வயித்துல வந்ததுலேர்ந்து இப்படி ஆயிட்டான்" என்று பாட்டி சொல்வாள். அந்த வாக்கியத்தில் நோயின் காரணம் முழுக்க இருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் அது கைநழுவிவிடும். தோஷம் தட்டிவிட்டது என்பார்கள், கண்ணேறு என்பார்கள், பூர்வஜென்ம வினை என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். கட்டுகிறவர்களுக்குப் பிள்ளைமேல் அன்பில்லை என்று சொல்ல முடியாது. கைக்காசைச் செலவழித்து வெயிலில் நடந்து போய்க் கட்டிவருகிறார்கள். அந்த அன்பு போய்ச் சேரும் இடம்தான் தவறிவிடுகிறது.

வினைக்கொள்கையைத் தத்துவமாக எடுத்துக்கொண்டாலும் பிள்ளையின் பசியை அதன் தலையில் சுமத்துவது நிற்காது. ஒருவருடைய துன்பத்துக்கு அவருடைய பழவினையே காரணம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர் சோறு ஊட்டாமல் இருந்தால் அது யாருடைய வினை? அது புதிதாக, இப்போது, நின்றவருடைய கணக்கில் எழுதப்படும். பசித்தவருக்கு உணவிடுவதே அறங்களில் தலையானது என்று மணிமேகலை கையில் அமுதசுரபியைக் கொடுத்த பௌத்த மரபு வினையை மறுத்த மரபு அல்ல. வினையை முழுக்க நம்பிய மரபு அது. அப்படியிருந்தும், உன் வினை என்று சொல்லி யாரையும் வெறும் கையோடு அனுப்பவில்லை.

இன்னொரு விடை இந்தக் காலத்தது. படித்தவர்கள் அதிகம் சொல்வது. தாய்க்கு விவரம் பத்தாது என்பார்கள். பாவத்தை மேலுலகத்திலிருந்து இறக்கி ஒரு பெண்ணின் தலையில் வைப்பது என்பதைத் தவிர அதில் முன்னேற்றம் ஏதுமில்லை.

தாய் என்ன செய்கிறாள் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். கானாவில் பால்குடி மறக்கும் பிள்ளைக்கு முதலில் ஊட்டுவது கோகோ. சாக்லேட் செய்யும் கோகோ இல்லை. மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்து, மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கஞ்சி. புளிப்பு ஏறிய மாவில் கெடுதல் செய்யும் கிருமிகள் எளிதில் வளராது. தலைமுறை தலைமுறையாக வந்த நல்ல அறிவு அது. பிள்ளை விழுங்க வேண்டுமென்று தாய் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுகிறாள். அக்கறையால்தான் அப்படிச் செய்கிறாள். தமிழ்நாட்டு வீடுகளிலும் கெட்டியாகக் கொடுத்தால் நெஞ்சில் அடைக்கும் என்று அரிசிக் கஞ்சியின் தெளிவைத்தானே முதலில் ஊட்டுகிறார்கள்.

அந்தக் கிண்ணத்தைக் கணக்குப் பார்க்கலாம். 100 மில்லி கஞ்சியில் 8 கிராம் மாவு போட்டால் கரண்டியிலிருந்து தண்ணீராக ஓடும் கஞ்சி கிடைக்கும். அதில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும். பிள்ளையின் இரைப்பை அதன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். எட்டுக் கிலோ பிள்ளைக்கு 240 மில்லி. ஒரு பெரிய டம்ளர். அது நிறையக் குடித்தால் 70 கலோரி. வயிறு உப்பிவிடும், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சாப்பிட்டுவிட்டான் என்று தாய் நிம்மதியடைவாள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தாய்ப்பால் போக, உணவிலிருந்து மட்டும் நாளைக்கு 550 கலோரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கஞ்சியை நாளைக்கு மூன்று முறை வயிறு முட்டக் கொடுத்தாலும் 210 கலோரி. வயிறு நிறைந்திருக்கும்போதே பிள்ளை பட்டினி கிடக்கிறது.

இதை மாற்றும் பொருள்கள் பெரியவை அல்ல. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி இருக்கிறது. அரை டம்ளர் கஞ்சிக்கு மேல். அக்ராவில் சமைக்கும் செம்பனை எண்ணெயாக இருந்தால் வைட்டமின் ஏ சத்தும் கூடவே வரும். மக்காச்சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. காராமணியில் அது நிறைய. 1980களின் இறுதியில் கானாவில் யுனிசெஃப்பும் அந்நாட்டுச் சுகாதாரத் துறையும் வீனிமிக்ஸ் என்ற மாவைப் பரப்பின. மக்காச்சோளம், காராமணி அல்லது சோயா, நிலக்கடலை மூன்றையும் வறுத்து அரைத்த மாவு. தமிழ்நாட்டில் சத்துமாவு என்று சொன்னால் போதும், உடனே புரியும். தான்சானியாவில் கிமேயா என்ற முளைகட்டிய தானிய மாவை ஒரு சிட்டிகை கெட்டிக் கஞ்சியில் தூவுகிறார்கள். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்க, கெட்டிக் கஞ்சி சில நிமிடங்களில் இளகிவிடும். மாவு குறையாமலே பிள்ளை விழுங்கும் பதம் வரும். கேழ்வரகை முளைகட்டி அரைக்கும் தாய்மார்கள் பெயர் தெரியாமலே இந்த ரசாயனத்தைக் கையாள்கிறார்கள்.

அப்படியென்றால் எல்லாம் விளங்கிவிட்டதா என்றால், இல்லை. குவாஷியோர்க்கருக்குப் புரதக்குறையே காரணம் என்று உலகம் பல ஆண்டுகள் உறுதியாக நம்பியது. புரத மாவு, புரத பிஸ்கட் என்று திட்டங்கள் பெருகின. சேலத்தில் பிறந்து, குன்னூரில் ஆய்வைத் தொடங்கி, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் சி. கோபாலன் அந்த உறுதியை அசைத்தவர்களில் முக்கியமானவர். வீக்கம் கண்ட பிள்ளையும் எலும்பும் தோலுமான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே உணவைத்தான் சாப்பிட்டிருந்தார்கள் என்று 1968இல் அவர் எழுதினார். ஏழைப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த புரத மாவு அல்ல, வீட்டுச் சோறும் பருப்புமே போதிய அளவில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மக்லாரன் அந்தப் புரத மோகத்தையே பெரும் படுதோல்வி என்று லான்செட்டில் எழுதினார்.

பிறகு மலாவி நாட்டில் 317 இரட்டைப் பிள்ளைகளின் இணைகளை மூன்று வயதுவரை கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சட்டிக் கஞ்சி. ஆனாலும் பல இணைகளில் ஒரு பிள்ளை மட்டும் விழுந்தது, மற்றது தப்பியது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அந்த ஆய்வு காட்டியது.

விதியை நம்புகிறவர் இந்த இடத்தில் தலையசைக்கலாம். ஒரே சோற்றைத் தின்ற இருவரில் ஒருவன் மட்டும் விழுந்தான் என்றால், எழுதியது அவ்வளவுதான் என்று. அங்கேதான் நிதானம் வேண்டும். இருவரில் எவன் விழுவான் என்பது முன்கூட்டித் தெரியாமல் இருக்கலாம். அந்தச் சட்டி இருவருக்குமே போதாது என்பது தெரியும். யார்மேல் விழும் என்று தெரியாத கூரை இடிந்து ஒருவர்மேல் விழுந்தால், விழுந்தவருடைய நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதா, கூரையைச் செப்பனிடுவதா?

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன ஞானி மென்சியஸ் மனிதனின் இயல்பு நல்லது என்று நிறுவ ஒரு குழந்தையைக் கிணற்றடியில் நிறுத்தினார். தவழ்ந்து போகும் குழந்தை கிணற்றில் விழப் போகிறது. பார்க்கிற எவருக்கும் நெஞ்சு பதறும். பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கவோ ஊரார் புகழவோ அந்தப் பதற்றம் வருவதில்லை, தானாக வருகிறது. இரக்கம் மனிதனுக்குள் முளையாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்றார். அகஸ்டின் காட்டிய குழந்தைக்கு நேர் எதிரே இந்தக் குழந்தையை வைக்கலாம். ஒருவர் குழந்தையின் முகத்தில் பாவத்தைத் தேடினார். மற்றவர் குழந்தையைப் பார்ப்பவரின் நெஞ்சில் நன்மையைத் தேடினார்.

மென்சியஸ் சொன்னது உண்மை. ஒரே ஒரு குறை, அவருடைய குழந்தை கண்முன்னே விழுகிறது. சவலைப் பிள்ளை விழுவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆறாம் மாதத்தில் தொடங்கி மாதத்துக்கு நூறு கிராம், இருநூறு கிராமாக அது விழுந்துகொண்டிருக்கும். தினமும் பார்க்கிற தாய்க்கு அது நேற்றுப் பார்த்த பிள்ளைதான். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அதே உயரத்தில் இருந்தால் குட்டை என்று யாருக்குத் தோன்றும்? நெஞ்சு பதறுவதற்கான கணமே வராமல் கிணறு பிள்ளையை விழுங்கிவிடும். ஐந்து வயதுக்குள், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் 2022இல் உலகில் 14.8 கோடி பேர். அவர்களில் பலர் பால்குடிக்கும் சோற்றுக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டில் பின்தங்கியவர்கள்.

அதனால்தான் தராசு அறத்தின் கருவி ஆகிறது. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துப் பெண் ஊழியர் ஒருவர் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை, குறைந்தது மூன்று மாதம். அதன் முடிவில் எடை ஏறியிருந்தால் நிறுத்திவிடுவார்கள். உத்தரத்தில் கட்டிய தராசின் தூளியில் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு தொங்கும். முள் நிற்கும்வரை தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். அட்டையில் ஒரு புள்ளி விழும். போன மாதப் புள்ளிக்குக் கீழே அது விழுந்தால் அந்தக் கணத்தில் அங்கிருப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருந்த பிள்ளையை அந்தப் புள்ளி கிணற்றடிக்குக் கொண்டுவந்து காட்டிவிடுகிறது. மென்சியஸ் நம்பிய இரக்கம் அதற்கப்புறம் தன் வேலையைப் பார்க்கும்.

சரி, பதறிய நெஞ்சுக்குச் சொந்தக்காரர் யார்? தாய் மட்டும்தானா?

சமய நூல்கள் இந்த இடத்தில் வியக்கும்படி தெளிவாக இருக்கின்றன. பால்குடி மறத்தல் பற்றிக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வசனம் இருக்கிறது. நிறைவாக்க விரும்புவோருக்குப் பால் கொடுக்கும் காலம் முழுமையாக இரண்டு ஆண்டு. பால் கொடுக்கும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுக்கும் அதே கடமை. அதற்கு முன்பே பால் மறக்கச் செய்ய நினைத்தால் தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் கலந்து பேசி, இருவரும் ஒப்புக்கொண்டே செய்ய வேண்டும். இவ்வளவையும் அந்த ஒரே வசனம் சொல்கிறது. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்று இன்றைய உலக சுகாதார நிறுவனம் சொல்வதோடு அந்தக் கால அளவு பொருந்துகிறது. அதைவிடப் பெரியது அந்தக் கலந்து பேசுதல். பிள்ளை பால் மறப்பது ஒரு பெண்ணின் தனிக்காரியம் இல்லை, வீட்டின் தீர்மானம், அதற்குச் செலவு உண்டு, அந்தச் செலவுக்கு ஆள் உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. தமிழ் வீடுகளில் மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே இரவில் பாலை மறக்கடிக்கும் தாய் அன்றைக்கு யாரோடு கலந்து பேசினாள்? கசப்பைத் தனியே தடவிக்கொண்டாள், பிள்ளையின் அழுகையையும் தனியே கேட்டாள்.

பிள்ளைக்கு முதல் சோறூட்டும் அன்னப்பிராசனத்துக்கு மனுஸ்மிருதி ஆறாம் மாதத்தைக் குறித்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், பிறகு அதோடு உணவு என்று உலக சுகாதாரப் பேரவை 2001இல்தான் தீர்மானம் போட்டது. அந்த நூலின் மற்ற சட்டங்களோடு எவ்வளவு சண்டை இருந்தாலும், இந்த நாள் சரியான நாள். குருவாயூரிலும் தமிழகத்துக் கோயில்களிலும் சோறூட்டுக்கு வரும் குடும்பங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். தாத்தா, மாமன், அத்தை, சித்தப்பா என்று ஒரு பட்டாளமே சுற்றி நிற்கும். ஆளுக்கொரு விரல் சோற்றை வாயில் வைப்பார்கள். பிள்ளையின் சோற்றுக்கு உறவு முழுவதும் பொறுப்பு என்று சடங்கு அன்றைக்குச் சாமி முன்னால் எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்கிறது. மறுநாள் காலையில் கிண்ணத்தோடு இருப்பவள் தாய் ஒருத்திதான். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதம் வரையுள்ள பிள்ளைகளில் போதிய உணவு கிடைத்தவர்கள் 11.3 சதவீதம். சோறூட்டு நடந்த வீடுகளும் நடக்காத வீடுகளும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

பைபிளின் ஆதியாகமத்தில் 21ஆம் அதிகாரத்தில் ஒரு விருந்து வருகிறது. ஈசாக்கு பால் மறந்த நாளில் தந்தை ஆபிரகாம் பெரிய விருந்து வைத்தார். பால்குடி மறக்கும்வரை பிள்ளை பிழைத்ததே கொண்டாட்டத்துக்குரியதாக இருந்த காலம். அதே அதிகாரத்தில், சில வரிகள் தள்ளி, இன்னொரு பிள்ளை வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறான். பணிப்பெண் ஆகாரிடம் ஆபிரகாமுக்குப் பிறந்த மூத்த மகன் இஸ்மவேல். கொஞ்சம் ரொட்டியும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தது. பிள்ளையை ஒரு புதரடியில் கிடத்திவிட்டு, அவன் சாவதைப் பார்க்கச் சகியாமல் தூரப்போய் உட்கார்ந்து தாய் அழுதாள். இளையவன் வந்ததும் இறக்கிவிடப்பட்ட மூத்தவன் அவன். கா மக்களின் சொல்லை அவனுக்கும் வைக்கலாம்.

அந்தக் கதையில் கடவுள் தாயைக் கண்டிக்கவில்லை. உனக்கு விவரம் பத்தாது என்று சொல்லவில்லை. பிள்ளையின் குரலைக் கேட்டார். தாயின் கண்ணுக்கு ஒரு கிணற்றைக் காட்டினார். இஸ்லாமிய மரபில் இஸ்மாயில் அப்போது பால்குடிப் பிள்ளை. தண்ணீர் தேடித் தாய் ஹாஜர் சபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார். இன்றும் ஹஜ்ஜுக்குப் போகிற ஒவ்வொருவரும், மன்னரானாலும் மூட்டை தூக்குபவரானாலும், அந்த ஏழு ஓட்டத்தையும் நடந்தாக வேண்டும். தாகத்தில் தவித்த பிள்ளைக்காக ஒரு தாய் தனியே ஓடிய ஓட்டத்தை உலகம் முழுவதிலுமிருந்து வரும் மனிதர்கள் சேர்ந்து ஓடும் கடமையாக ஒரு சமயம் மாற்றியிருக்கிறது. பால் மறக்கும் பிள்ளையின் உணவு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான விடை எந்தத் தத்துவ நூலிலும் கிடைக்குமா என்பது சந்தேகம்.

அக்ராவுக்குத் திரும்பினால், குவாஷியோர்க்கர் என்ற சொல்லை உலகுக்குத் தந்த அதே கா மக்களுக்கு ஹோமோவோ என்ற திருவிழா உண்டு. பசியை எள்ளி நகையாடுவது என்று அதற்குப் பொருள். முன்னோர் குடிபெயர்ந்து வந்த காலத்தில் கொடும் பஞ்சம் வந்து, பிறகு விளைச்சல் பெருகியபோது பசியைப் பார்த்துக் கூவிச் சிரித்தார்கள் என்பது கதை. மே மாதத்தில் பூசாரிகள் தானியம் விதைப்பார்கள். பயிர் வளர அமைதி வேண்டும் என்று ஒரு மாதம் ஊரில் மேளம் அடிக்கக் கூடாது. ஆகஸ்ட் வாக்கில் புளித்த மக்காச்சோள மாவை அவித்துப் பனை எண்ணெய் பிசைந்து க்போக்போய் செய்வார்கள். தலைவர்களும் குடும்பப் பெரியவர்களும் அதை முன்னோருக்காகத் தெருவெங்கும் தூவிப் போவார்கள். பிறகு வீட்டில் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அந்தத் திருவிழாத் தட்டில் மாவு மட்டும் இருப்பதில்லை. கூடவே செம்பனைப் பழச் சாறு, அதில் புகையில் வாட்டிய மீன். மக்காச்சோளத்தில் குறைவாக இருப்பதையெல்லாம் அந்தச் சாறும் மீனும் கொண்டுவந்து சேர்க்கின்றன: கொழுப்பு, புரதம், இரும்பு, வைட்டமின் ஏ. பசியைச் சிரித்து விரட்டும் உணவு என்னவென்று அந்த ஊருக்குத் தெரிந்தே இருந்தது. முன்னோருக்கு அதைப் படைத்தது, பெரியவர்களுக்குப் பரிமாறியது. மடியிலிருந்து இறங்கிய பிள்ளையின் கிண்ணத்தில் நீர்த்த கோகோ இருந்தது. சாற்றில் கிடக்கும் மீனில் ஒரு விரலளவு எடுத்து முள் நீக்கி நசுக்கி, கெட்டிக் கஞ்சியில் பிசைந்தால் போதும். மீன் குழம்பும் பருப்பும் கீரையும் கொதிக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சட்டியிலிருந்து அதன் பங்கை முதலில் எடுத்துவைக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குப் பிறகு நாளைக்கு மூன்று நான்கு முறை உட்கார்ந்து ஊட்ட ஒருவருக்கு நேரம் வேண்டும். வயலுக்கும் சந்தைக்கும் போகிற தாயிடம் அந்த நேரம் இல்லையென்றால் வீட்டில் வேறு யாரிடமாவது அது இருந்தாக வேண்டும்.

கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ அடுத்த முறை யாராவது கைப்பிள்ளையோடு வந்தால், நாளைக் காலையில் பிள்ளைக்கு என்ன ஊட்டப் போகிறீர்கள், யார் ஊட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாயைக் கேட்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் அப்பாவைக் கேளுங்கள்.